கல்யாணப் படத்துக்கு எந்தக் கேமரா பை? டெல்டா பக்கத்துப் போட்டோகிராபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று படம் எடுக்க வருகிற தம்பிகளும் தங்கைகளும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு ஒரு வரிதான்.

புதுசாகப் பை வாங்கப் போகிறேன். எதிலிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

தாலி கட்டுகிற நேரத்தில் உங்கள் பை எங்கே இருக்கும் என்பதிலிருந்து. பாதித் தேர்வு இதிலேயே முடிந்துவிடும். கடைக்குப் போகிற எல்லோரும் "ரெண்டு பாடி, நாலு லென்ஸ் கொள்ளுமா?" என்றுதான் கேட்கிறார்கள் (பாடி என்பது லென்ஸ் மாட்டாத கேமரா). கொள்ளும். கொள்ளுகிற பைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது மணவறையைச் சுற்றி இரண்டு வீட்டுச் சனமும் நெருக்கியடித்து நிற்கும். உங்களுக்கு ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் பெரிது. முதுகில் பெரிய பையோடு திரும்பினால் பின்னால் நிற்கிற பெரியம்மாவின் அட்சதைத் தட்டு கவிழும். கழற்றி வைத்தால் அடுத்த முக்கால் மணி நேரத்துக்குப் பையை மறந்துவிட வேண்டும்; திரும்பிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

ஆகவே கொள்ளளவு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பை யார் கண்ணில் இருக்கும் என்பது.

அப்படியென்றால் எத்தனை பை வேண்டும்?

இரண்டு. வீட்டிலிருந்து மண்டபம்வரை பொருளைக் கொண்டுவர ஒன்று. படம் எடுக்கும்போது உடம்போடு இருக்க ஒன்று. முதலாவது பெரிதாக, கனமாக, பூட்டுப் போடுகிற மாதிரி இருக்கலாம். இரண்டாவது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. இந்த இரண்டு வேலையையும் ஒரே பையிடம் கேட்பதால்தான் பலர் நடுத்தர அளவில் ஒன்றை வாங்கி, இரண்டுக்கும் உதவாமல் அடுத்த தையில் மறுபடி கடைக்கு வருகிறார்கள்.

பேக்பேக்கா, தோள்பையா, சக்கரம் வைத்த டிராலியா?

கொண்டுவருகிற பைக்கு டெல்டாவில் என் ஓட்டு பேக்பேக்குக்குத்தான். காரணம் நம் ரோடும் தெருவும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருக்கிற பெரிய மண்டபங்களில் டிராலி சொகுசாக உருளும். ஆனால் பெண் அழைப்பு வலங்கைமான் தாண்டி ஒரு கிராமத்தில், வாய்க்கால் ஓரமாக மண்பாதை என்றால் டிராலியைத் தூக்கித்தான் நடக்க வேண்டும். சக்கரமும் இழுவைக் கம்பியும் சேர்ந்து காலிப் பையிலேயே எடையைக் கூட்டியிருக்கும். கோயில் பிரகாரத்துக் கல்தளத்தில் அது போடுகிற சத்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. காரில் மட்டுமே போகிறவர், உதவிக்கு இரண்டு பேர் வைத்திருக்கிறவர் என்றால் டிராலி வாங்கலாம்.

பேக்பேக்கில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் திறக்கிறது? முன்பக்கம் திறக்கிற பையைக் கீழே கிடத்தித் திறந்தால் தோள்வார் இருக்கிற பக்கம் தரையில் படும். பந்தி முடிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரை என்றால் அந்த ஈரம் அப்படியே உங்கள் வெள்ளைச் சட்டை முதுகில் ஏறும். முதுகுப்பக்கம் திறக்கிற பையில் இந்தத் தொல்லை இல்லை. பஸ்ஸில், கூட்டத்தில், பின்னால் நிற்கிறவர் ஜிப்பைத் திறக்கவும் முடியாது.

தோள்பை நல்ல பைதான். பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகைப் படக்காரர் ஜிம் டோம்கே 1970களில் தன் வேலைக்கென்று கான்வாஸில் வடிவமைத்த எஃப்-2 இன்றும் விற்கிறது. மேலிருந்து கைவிட்டு எடுக்கலாம், உடம்போடு ஒட்டி மடங்கும், பார்த்தால் கேமரா பை என்றே தெரியாது. ஆனால் ஒரே தோளில் ஆறு கிலோவை ராத்திரி வரவேற்பிலிருந்து மறுநாள் மத்தியானப் பந்திவரை தாங்கினால் அதற்கடுத்த நாள் கழுத்து திரும்பாது. இரண்டு லென்ஸுக்கு மேல் வைக்காதவர்களுக்கு அது சரி.

எடை உண்மையில் எவ்வளவு வரும்?

கூட்டிப் பாருங்கள். ஃபுல் பிரேம் பாடி ஒன்று ஏறக்குறைய 700 கிராம், இரண்டுக்கு 1.4 கிலோ. 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் 800 கிராம் பக்கம். தூரத்துக்கான 70-200 எஃப் 2.8, மாடலைப் பொறுத்து ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ. 85 எம்எம் அரைக் கிலோ. பேட்டரியோடு இரண்டு பிளாஷ் ஒரு கிலோ. சார்ஜர், மாற்று பேட்டரி, பிளாஷை அடிக்கவைக்கும் டிரிக்கர் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. ஐந்தரை கிலோ பக்கம் வந்துவிட்டது. இதற்கு மேல் காலிப் பையே இரண்டு கிலோ என்றால் ஏழரை கிலோ. அதனால் கடையில் முதலில் காலிப் பையைத் தூக்கிப் பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரி தடித்த பை பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தத் தடிமன் பாதி உங்கள் இடுப்புக்குத்தான் பாரம்.

முகூர்த்தத்தின்போது உடம்பில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு கேமராவை இரட்டை வாரில் மாட்டிக்கொண்டால் அடிக்கடி லென்ஸ் மாற்றும் வேலை இல்லை. இடுப்பில் ஒரு சின்னப் பை: ஒரு மாற்று லென்ஸ், இரண்டு பேட்டரி, பிளாஷுக்கு நான்கு ஏஏ பேட்டரி, ஒரு பருத்தித் துணி. அவ்வளவு போதும்.

இடுப்புப் பையின் வாய் எப்படித் திறக்கிறது என்று கடையிலேயே இடதுகையால் திறந்து பாருங்கள். வலதுகையில் கேமரா இருக்கும். மூடி உங்கள் உடம்பை நோக்கித் திறந்தால் கை உள்ளே போகாது. வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். குனிந்தால் லென்ஸ் விழாத ஆழமும் வேண்டும். மணப்பெண் காலில் மெட்டி போடுவதை எடுக்க எல்லோரும் தரையில்தான் உட்காருவோம். அப்போது தொடையில் இடித்துப் பை மேலே தள்ளும். கடையில் ஒருமுறை குந்தி உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெமரி கார்டுகளை எங்கே வைப்பது?

எந்தப் பையிலும் வேண்டாம். படம் நிறைந்த கார்டு பொத்தான் போட்ட சட்டைப் பையில், சின்ன உறையில். காலிக் கார்டு ஸ்டிக்கர் மேலே தெரியும்படி, நிறைந்தது கவிழ்த்து. பை போனால் புதுசு வாங்கலாம். கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

மண்டபத்தில் பெரிய பையை எங்கே வைப்பது? ஒவ்வொரு தடவையும் இதுதான் பிரச்சினை.

முதலில் எங்கே வைக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

மணப்பெண் அறையில் வேண்டாம். "இங்கேயே வைங்க தம்பி, பூட்டித்தான் இருக்கும்" என்று பெண்ணின் சித்தி அன்பாகச் சொல்வார். அந்த அறையில்தான் நகை இருக்கும். சாவி நாலு பேர் கை மாறும். உங்கள் பை அங்கே இருந்தால் நீங்களும் நாலு தடவை உள்ளே போய் வர வேண்டும். ஒரு மோதிரம் இடம் மாறினால் முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வெளியாள். மொய் எழுதுகிற மேசைக்கடியிலும் இதே காரணத்தால் வேண்டாம். அங்கே எப்போதும் ஆள் இருக்கும் என்பது உண்மை, ஆனால் அங்கே பணமும் இருக்கும்.

மேடைக்குப் பின்னால், அலங்காரத் திரைக்கு மறைவில் வைப்பது இன்னொரு பழக்கம். இருட்டு, ஒயர், பூ அலங்காரக்காரர்களின் வாளித் தண்ணீர், வரவேற்பு முடிந்ததும் திரையைப் பிரிக்க வருகிற ஆட்கள். அவர்கள் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வண்டியில் ஏற்றுவார்கள். பந்திக் கூடம், சமையல்கட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

நல்ல இடம் வீடியோ மிக்ஸிங் மேசைக்கு அடியில். அங்கே உட்கார்ந்து எல்இடி திரைக்கு வீடியோ அனுப்புகிற ஆள், திரை ஓடுகிறவரை எழுந்து போக மாட்டார். ஒயர்களை மிதிக்காமல் இருக்க யாரையும் பக்கத்தில் விடவும் மாட்டார். சைக்கிளுக்குப் போடுகிற எண் பூட்டுக் கம்பி ஒன்று வாங்கி, பையின் கைப்பிடியையும் மேசைக் காலையும் சேர்த்துப் பூட்டுங்கள். மேசை மடக்கு மேசை என்றால் குறுக்குக் கம்பியில் பூட்டுங்கள். காலில் பூட்டினால் தூக்கி உருவிவிடலாம். மிக்ஸிங் இல்லாத சின்னக் கல்யாணமா? பை லைட் பிடிக்கிற பையன் முதுகில். அதற்காகவே அந்தப் பையனுக்குச் சரியாக வார் நீளம் வைக்க முடிகிற பையை வாங்குங்கள். உங்கள் உயரத்துக்கு மட்டும் பார்த்து வாங்கினால் ஒல்லிப் பையன் முதுகில் அது தொடை வரை தொங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பை தாங்குமா?

டெல்டாவுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் இல்லாமல் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது கார்த்திகை பிறக்கிற சமயத்தில்தான்.

பையின் துணி தண்ணீரைத் தாங்கும். ஜிப்பும் தையலும் தாங்காது. பையோடு வருகிற மழை உறை முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும், முதுகுப்பக்கம் திறந்தே இருக்கும். பைக்கில் போகும்போது சட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகிறது. உறையின் அடியிலும் தண்ணீர் தேங்கும். அடியில் சின்ன ஓட்டை இருக்கிற உறையாகப் பாருங்கள். நாங்கள் உறையை நம்புவதில்லை. பைக்குள் முதலில் ஒரு தடித்த பாலிதீன் கவர், அதற்குள் பாடியும் லென்ஸும். அப்புறம் ரெயின்கோட்டைப் பைக்கு மேலே சேர்த்துப் போடுகிற அளவுக்குப் பெரிதாக வாங்கிக்கொள்வது. நெல் மூட்டை மூடுகிற படுதாவில் பை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வெளிப்பையில் மடித்து வைத்தால், ஈரத்தரையில் விரித்து மேலே பையை வைக்கலாம். காசுக்கு இதைவிட உபயோகமான பொருள் வேறில்லை.

லாட்ஜில் ஏசி போட்டுத் தூங்கி, நாலரை மணிக்கு மண்டபத்துக்குப் போனால் லென்ஸ் முழுக்கப் பனி. பையில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படுவதால்தான் பனி பிடிக்கிறது. துடைத்தாலும் கண்ணாடி சூடாகும்வரை மறுபடி பிடிக்கும். அதனால் ராத்திரியே பையை ஏசி இல்லாத அறையில் தூங்குகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏசியை அணைத்துவிட்டு, ஜிப்பைத் திறக்காமல் வைத்திருங்கள். மூடிய பைக்குள் ஈரக்காற்று அவ்வளவாகப் போகாது. கேமரா மெல்ல வெளிச்சூட்டுக்கு வரும். பஞ்சு தடித்த பை என்றால் நேரம் கூடுதலாகும். ஏசி மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்குத் தெருவுக்கு ஓடும்போதும் இதே கதைதான். அதற்கு ஒரு பாடியை முன்கூட்டியே வெளியே, லைட் பையனிடம் கொடுத்து வைப்பது ஒன்றே வழி.

சீசன் இல்லாதபோது கேமராவைப் பையிலேயே வைத்திருக்கலாமா?

கூடாது. லென்ஸில் பூஞ்சை வர இதைவிட நல்ல வழி கிடையாது. பையின் பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருட்டு, காற்றோட்டம் இல்லை. லென்ஸுக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. 60ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் மழைக்காலக் காலைகளில் 80ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற அலமாரியான டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். 120 டிகிரிப் பக்கம் சூடாக்கினால் ஈரத்தை விட்டுவிடும், மறுபடி பயன்படுத்தலாம். நீல ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பாவுக்குள் லென்ஸ் வைக்கிற வைத்தியத்தால் லென்ஸுக்குள் தவிட்டுத் தூள் போவதுதான் மிச்சம்.

ஹோமப் புகை, பன்னீர், அட்சதை?

பையைத் திறந்து போட்டுவிட்டுப் படம் எடுக்கிற பழக்கத்தை விட்டால் எல்லாம் சரியாகும். நெய்ப் புகையின் கரி பையின் உள்துணியில் படிந்தால் அங்கிருந்து லென்ஸுக்கு வரும். பன்னீரில் வாசனைப் பொருள் இருப்பதால் பிசுபிசுப்பு நிற்கும். அட்சதை மட்டும் தனி ரகம். மஞ்சள் கலந்த அரிசி ஜிப்பின் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் பாதியில் நிற்கும்போது இழுக்காதீர்கள்; பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். உள்துணி மஞ்சளானால் போகாது, விட்டுவிடுங்கள்.

திருக்கடையூர் மாதிரிக் கோயில்களில் அறுபதாம் கல்யாணம் எடுக்க என்ன பை?

தோல் பை வேண்டாம். தோல் பட்டை வைத்த பையும் வேண்டாம். கோயிலுக்குள் தோல் பொருளுக்கு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் வாக்குவாதம் நமக்கு எதற்கு?

அமிர்தகடேஸ்வரர் கோயிலில் அறுபது, எழுபது, எண்பது என்று ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பல குடும்பங்கள் ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்கும். உங்கள் குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே இருப்பது ஒரு கோலம்தான். பிறகு கலச நீரைத் தம்பதி தலையில் ஊற்றுவார்கள். பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் எல்லோரும் வரிசையாக ஊற்றுவார்கள். தரை முழுக்கத் தண்ணீர் ஓடும். தரையில் வைத்த பை அடியோடு நனையும். அங்கே பெரிய பையைக் காரிலோ தங்குமிடத்திலோ பூட்டிவிட்டு, ஒரு பாடியில் 24-70, இடுப்பில் ஒரு லென்ஸ் என்று போவதுதான் சரி. படம் எடுக்க அனுமதி, கட்டணம் எல்லாம் கோயிலுக்குக் கோயில் மாறும். முதல் நாளே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருப்பவை. அங்கே முக்காலியோடு தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும். பெரிய பையையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போனாலே வாசலில் நிறுத்துவார்கள்.

சர்ச் கல்யாணம், நிக்காஹ் இதற்கெல்லாம் வேறு பையா?

வேறு பை வேண்டாம், ஆனால் வெல்க்ரோவைக் கவனியுங்கள். நம் கல்யாண மண்டபத்தில் தவில் வாசிக்கும்போது நீங்கள் பையைக் கிழித்தாலே யாருக்கும் கேட்காது. பூண்டி மாதா கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ மணமக்கள் சம்மதம் சொல்கிற நேரத்தில் பூசை மண்டபம் முழுக்க நிசப்தம். அப்போது 'சர்ர்ர்' என்று வெல்க்ரோ பிரிகிற சத்தத்துக்குப் பாதிரியாரே திரும்பிப் பார்ப்பார். வீடியோவிலும் அது பதிவாகும். திங்க் டேங்க் நிறுவனத்தின் ரெட்ரோஸ்பெக்டிவ் தோள்பைகளில் வெல்க்ரோவின் மேல் மடித்து மூடி, ஒட்டாமல் செய்கிற துணி மடிப்பு இருக்கிறது. உங்கள் பையில் அது இல்லையா? அந்த வெல்க்ரோ அளவுக்கு எதிர்த் துண்டு ஒன்றை டெய்லர் கடையில் வாங்கி மேலே ஒட்டிவிடுங்கள், முடிந்தது.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்க நிக்காஹ்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் தனியாகப் போவது வழக்கம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். பிளாஷ் பேட்டரி ஒரே பையில் ஆண்கள் பக்கம் இருந்தால் உள்ளே இருக்கிறவர் தவிப்பார். ஆளுக்கொரு தனிப் பை, ஆளுக்கொரு சார்ஜர்.

நான் பெண். கடையில் இருக்கிற பை எல்லாம் முதுகைவிட நீளமாக இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

பெரிய பைகள் பல உயரமான ஆண்களை நினைத்துச் செய்தவை என்பது உண்மைதான். முதுகு நீளத்தை ஏற்றி இறக்குகிற வசதி உள்ள பை, அல்லது மொத்தமாகவே 45 செ.மீ. உயரத்துக்குள் இருக்கிற பை பாருங்கள். இடுப்புப் பட்டை எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. மார்புப் பட்டையின் உயரத்தை மாற்ற முடிய வேண்டும். துப்பட்டாவும் தோள்வாரும் ஒத்துப்போகாது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி அதன்மேல் வாரைப் போட்டால் நழுவாது. புடவையில் வேலை செய்கிறவர்கள் இரட்டை வாரைவிட இடுப்புப் பெல்ட்டையே விரும்புகிறார்கள். தோளில் குத்திய பின்னை வார் இழுக்காது.

பைக்கில், பஸ்ஸில், ரயிலில் போகும்போது?

ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் பையை வைக்காதீர்கள். அதிர்வு முழுவதும் லென்ஸுக்குப் போகும், மழை என்றால் சக்கரம் தெளிக்கிற சேறும் அங்கேதான் வரும். முதுகில், மார்புப் பட்டை போட்டு. பின்னால் உட்கார்கிறவர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளட்டும்.

டவுன் பஸ்ஸில் பையைத் திருப்பி முன்பக்கம் மாட்டுங்கள். உழவன் மாதிரி ராத்திரி ரயிலில் சென்னையிலிருந்து வரும்போது மேல்பெர்த் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வது என் பழக்கம். கீழ்பெர்த் கிடைத்தால் சங்கிலி போடுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு கல்யாணம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். திருச்சியிலிருந்து விமானம். பையில் என்ன கவனிக்க?

மாற்று லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை உள்ளவைக்குத் தனி அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி எல்லாம் அதற்கு வெகு கீழே. வீடியோ லைட்டுக்குப் போடுகிற வி-மவுண்ட் பேட்டரியில் எண்ணைப் பாருங்கள்: 95, 99 என்று இருந்தால் சரி. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவன அனுமதி வேண்டும். முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

பல நிறுவனங்களில் கைப்பை 7 கிலோதான். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், தாண்டிவிடும். ஒரு பாடியையும் பெரிய லென்ஸையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். பெலிகன் 1510 மாதிரிக் கடினப் பெட்டி விமானத்தில் மேலே வைக்கிற அளவுதான், தண்ணீரும் தூசியும் போகாது, ஆனால் காலிப் பெட்டியே ஐந்து கிலோவுக்கு மேல். கிளம்பும்போது சுங்கத்தில் சீரியல் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது "இதெல்லாம் அங்கே வாங்கினதா?" என்ற கேள்வி வராது.

திருவிழா, கச்சேரி போன்ற நிகழ்ச்சிகளுக்கு?

திருவாரூர் ஆழித் தேருக்குப் பை எடுத்துப் போகாதீர்கள். இடுப்புப் பெல்ட், ஒரு பாடி, ஒரு ஜூம். வடம் இழுக்கிற கூட்டம் நகரும்போது முதுகில் பை இருந்தால் அதைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

திருவையாறு தியாகராஜ ஆராதனை இதற்கு நேர் எதிர். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவார்கள். நீங்களும் உட்கார்ந்தே நகர வேண்டும். மடியில் வைத்து மேலிருந்து திறக்கிற தோள்பைதான் அங்கே ராஜா.

பூம்புகார், தரங்கம்பாடி கடற்கரையில் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்?

மணலில் பையைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். உப்புக்காற்று உலோக ஜிப்பைத் தின்னும். அதைவிட பிளாஸ்டிக் பல் ஜிப் நல்லது. வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து நாலு தடவை இழுத்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் மணல் ஒட்டும்.

லைட், ஸ்டாண்ட், குடை எல்லாம் எதில்?

தனி நீளப் பையில். கேமரா பையின் பக்கவாட்டில் ஸ்டாண்டைக் கட்டித் தொங்கவிட்டால் பை ஒரு பக்கம் சாயும், கதவு நிலையில் இடிக்கும். இந்தப் பைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தஞ்சாவூரில் பந்தல் துணி தைக்கிறவரிடம் ஸ்டாண்ட் அளவைக் கொடுத்தால் கெட்டித் துணியில் தைத்துத் தருவார். ட்ரோன் பேட்டரிக்குத் தீத்தடுப்பு உறை தனியாக வாங்குங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதை மறந்து, ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டுகிற டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

கடையில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

உங்கள் சாமானை எடுத்துப் போங்கள். கடைக்காரர் பொம்மை லென்ஸை வைத்துக் காட்டுவார். உங்கள் 70-200, முன்னால் மாட்டுகிற ஹூடோடு நிற்குமா என்பதுதான் கேள்வி. நிரப்பியபின் மேல்கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கிக் குலுக்குங்கள். பல பைகள் முதலில் அறுவது இந்தத் தையலில்தான். கீழே நிறுத்தினால் தானாக நிற்கிறதா, திறந்ததும் முகம் குப்புற விழுகிறதா என்று பாருங்கள்.

உள்துணி வெளிர் நிறமாக இருக்கட்டும். மண்டபத்தின் மூலையில் கறுப்புத் துணியில் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடுகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

துணியில் 1680டி, 1000டி என்று போட்டிருப்பது நூலின் தடிமன். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. எண் பெரிதானால் துணி முரடு, பை கனம். நமக்கு அதைவிட முக்கியம் உட்பூச்சு. உள்ளே பூசிய பாலியூரித்தேன் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியும். கடையில் நெடுநாள் தூங்கிய பையில் இது ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். விரலை உள்ளே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் தள்ளுபடி விலையிலும் வேண்டாம்.

கையில் காசு குறைவு. சாதாரணப் பையில் வைத்துப் போகலாமா?

தாராளமாக. வெல்க்ரோ தடுப்புகளோடு பஞ்சுப் பெட்டி மட்டும் தனியாக விற்கிறார்கள். அதை உறுதியான ஒரு பள்ளிப் பைக்குள் இறக்குங்கள். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது கூடுதல் லாபம். மிச்சப் பணத்தில் நல்ல இடுப்புப் பை வாங்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் என் தேர்வு அதுதான்.

ஆடியில் வேலை இல்லை. பையை என்ன செய்வது?

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தடுப்புகளையும் உரித்து, தலைகீழாகத் தட்டுங்கள். அட்சதை, பூவிதழ், காணாமல் போன லென்ஸ் மூடி எல்லாம் வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு போய்விடும். பிரிந்த தையலைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுங்கள், டெய்லரைவிடக் கெட்டியாகத் தைப்பார்.

பைமேல் ஸ்டுடியோ பெயர் பெரிதாகப் போடலாமா?

வேண்டாம். உள்ளே விலை உயர்ந்த சாமான் இருக்கிறது என்று நாமே எழுதி ஒட்டுவது போலாகும். பெயரையும் போன் நம்பரையும் உள்மூடியில் துணிப் பேனாவால் எழுதுங்கள். ஒரே மண்டபத்தில் பெண் வீட்டுப் படக்காரர், மாப்பிள்ளை வீட்டுப் படக்காரர், வீடியோக்காரர் எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புப் பை வைத்திருப்பார்கள். கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்று சுற்றிவிட்டால், பந்தி முடிந்து கிளம்புகிற அவசரத்தில் யாரும் உங்கள் பையை மாற்றி எடுத்துப் போக மாட்டார்கள்.